மோசேக் கோட்டையும் ஓமக்குளமும்

வீராணம் ஏரியின் கரைமீது நின்று பார்ப்பவருக்கு அதன் நீர்ப்பரப்பு கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கும். இவ்வேரி முதலாம் பராந்தக சோழன் (கி.பி. 907 - 955) காலத்தில் வெட்டப்பெற்றது என்பதையும், வீரநாராயணன் என்னும் அவனது பட்டப்பெயரே வீராணம் என மருவிற்று என்பதையும் நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். இங்கே காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு உள்ளது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களும், அவர்தம் உறவினரின் நிலங்களைப் பறிமுதல் செய்யுமாறு முதலாம் இராசராசன் விடுத்த ஆணையும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஏரியை எடுப்பித்த மன்னன் பெயர் நமக்குத் தெரிகிறது. இளவரசனைக் கொன்றவர் பெயரும் தெரிகிறது. ஆனால் இவ்வளவு பெரிய ஏரியின் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையிலே கொட்டியவர்களுள் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் நம் முன்னோர் வாழ்ந்த இடங்கள் குறிக்கப்படுகின்றன. வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் அச்சேரிகள் இடம்பெற்றன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை.

நம் கழகம் வெள்ளி விழாக் கொண்டாடும் இந்நேரத்தில், அடிமைப்பட்டுக் கிடந்தோர் விடுதலை பெற்று முதன்முதலாகக் காலூன்றிய இரண்டு இடங்களைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். ஒன்று கடல் கடந்து அமெரிக்காவில் உள்ளது. மற்றொன்று நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்தில் சிதம்பரத்தில் உள்ளது.

ஆளோலை

நம் நாட்டில் அடிமைமுறையே இருந்ததில்லை என்று சொல்வோர் உண்டு. அவர்கள் பெரியபுராணத்தையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடித் திருவெண்ணெய்நல்லூர் அவையிலே காட்டியது ஆளோலை. சுந்தரருடைய பாட்டனார் தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் அடிமையாக எழுதித் தந்ததாக அவ்வோலை கூறிற்று. இறைவன் நிகழ்த்திய திருவிளையாடல் என்று புராணம் அதனைச் சொல்லும். எனினும் ஆளோலை என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாக இல்லாதிருந்தால் அக்கதையே எழுந்திராது. பாட்டன் எழுதிய ஓலை பேரனைப் பிணிக்கும் என்பதை அவையோர் வியப்பின்றி ஏற்றனர்.

அந்தத் திருவெண்ணெய்நல்லூர் நம் பழைய தென்னார்க்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஊராகும். அச்சீமையில் நம் முன்னோர் படியாள் என்றும் பண்ணையாள் என்றும் வழங்கப்பட்டனர். நிலம் கைமாறும்போது அவர்களும் சேர்ந்து கைமாறிய காலம் உண்டு.

அடிமைத்தளை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதனை முதலில் உணர்ந்து எழுதிய பெருமக்களுள் ஒருவர் மராட்டிய நாட்டு சோதிராவ் புலே. அவர் 1873 ஆம் ஆண்டில் 'குலாம்கிரி' என்னும் நூலை வெளியிட்டபோது, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். பூனாவில் இருந்த ஒருவர், தாம் கண்டிராத கறுப்பு மக்களின் துயரில் தம் மக்களின் துயரைக் கண்டார். அவர் காட்டிய திசையில் நாமும் சற்று நோக்குவோம்.

மோசேக் கோட்டை

அமெரிக்காவின் தென்கிழக்கு முனையில் உள்ள புளோரிடா, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. செயின்ட் அகஸ்டின் என்பது அவர்கள் 1565 இல் நிறுவிய நகரம். அதற்கு வடக்கே கரோலினாவில் ஆங்கிலேயர் குடியேறி, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை அடிமைகளாக வைத்துப் பண்ணை நடத்தினர். 1687 ஆம் ஆண்டில் எட்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் படகொன்றில் தப்பிச் செயின்ட் அகஸ்டினை அடைந்தனர். அவர்களைத் தொடர்ந்து மேலும் பலர் சதுப்பு நிலங்களையும் ஆறுகளையும் கடந்து வரலாயினர். 1693 இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் சார்லஸ், இவ்வாறு தப்பி வந்து கத்தோலிக்க சமயம் தழுவுவோருக்கு விடுதலை அளிக்குமாறு ஆணையிட்டார்.

இதை அருட்செயல் என்று மட்டும் கொள்ளுதல் தவறு. ஸ்பானியரும் அடிமைகளை வைத்திருந்தவர்களே. ஆங்கிலேயரின் பண்ணைகளைக் குலைப்பதும், தம் எல்லையைக் காக்க ஆள் சேர்ப்பதும் அவர்களுடைய நோக்கங்களாக இருந்தன. அரசாணை வெளிவந்த பின்னரும், தப்பி வந்தவர்களுட் பலர் செயின்ட் அகஸ்டினிலேயே மீண்டும் அடிமைகளாக வைக்கப்பட்டனர். தாளில் எழுதிய விடுதலை தானாக நடந்து வந்து கைக்கு எட்டவில்லை.

அதனைக் கைக்கு எட்டச் செய்தவர் பிரான்சிஸ்கோ மெனண்டஸ் என்பவர். இவர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா இனத்தவர். கரோலினாவில் அடிமையாயிருந்து, யாமசி என்னும் பழங்குடியினரோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுப் பின் புளோரிடா சேர்ந்தவர். அங்கும் அடிமையாகவே வைக்கப்பட்ட அவர், கறுப்பர் படைப்பிரிவின் தலைவராக இருந்துகொண்டே, மன்னர் ஆணைப்படி விடுதலை தருமாறு ஆளுநர்களுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்பினார். 1738 இல் ஆளுநர் மனுவேல் தெ மோந்தியானோ அவ்விண்ணப்பத்தை ஏற்று அனைவரையும் விடுவித்தார். நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் அவர்கள் குடியிருக்க இடமும் அளித்தார். கிராசியா ரெயால் தெ சாந்தா தெரேசா தெ மோசே என்பது அக்குடியிருப்பின் முழுப்பெயர். சுருக்கமாக மோசே என்பர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லைக்குள், சட்டப்படி ஏற்கப்பட்ட முதல் சுதந்திரக் கறுப்பர் குடியிருப்பு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது இதனையே.

ஏறத்தாழ நூறு பேர் அங்கே மண்கோட்டை எழுப்பி, அகழி வெட்டி, கூரை வேய்ந்து, பயிரிட்டு வாழ்ந்தனர். 1739 இல் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து புளோரிடாவை நோக்கிப் புறப்பட்டனர், வழியிலேயே முறியடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு ஆங்கிலேயத் தளபதி ஓகில்தார்ப் படையெடுத்து வந்து மோசேயைக் கைப்பற்றினார். ஊரை விட்டு நகருக்குள் ஒதுங்கியிருந்த மோசே வீரர்கள், ஸ்பானியரோடும் பழங்குடியினரோடும் சேர்ந்து, 1740 சூன் மாதத்தில் ஒரு விடியலுக்கு முன் திடீரெனத் தாக்கி ஆங்கிலேயருக்குப் பெருந்தோல்வி தந்தனர். முற்றுகை முறிந்தது. ஆனால் அவர்கள் கட்டிய கோட்டை அப்போரில் அழிந்தது.

அவ்வாண்டே மெனண்டஸ் ஸ்பானிய மன்னருக்குத் தம் கைப்படக் கடிதங்கள் எழுதித் தம் தொண்டுக்கு உரிய மதிப்பைக் கேட்டார். இளைஞர்களே, இதனை ஊன்றிக் கவனியுங்கள். அடிமையாக விற்கப்பட்ட ஒருவர் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு பேரரசருக்கு நேரே விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டார். அக்கடிதங்கள் ஸ்பெயின் நாட்டின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. 1741 இல் கடலில் ஆங்கிலேயரிடம் அகப்பட்டு, இருநூறு கசையடி பெற்று, மீண்டும் அடிமையாக விற்கப்பட்ட அவர், எவ்வாறோ மீண்டு மோசேக்கே திரும்பினார். 1752 இல் மோசே மறுபடி கட்டப்பட்டது. 1759 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 67 பேர் பதிவாகியுள்ளனர். 1763 இல் புளோரிடா ஆங்கிலேயர் கைக்கு மாறவே, மோசே மக்கள் யாவரும் கியூபாத் தீவுக்குக் கப்பலேறினர். ஊர் பாழாயிற்று. முதற் கோட்டை இருந்த இடத்தைச் சதுப்பு நீர் மூடிக்கொண்டது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரை உலகம் மறந்திருந்தது. 1986 முதல் தொல்லியல் அறிஞர் காத்லீன் டீகனும் வரலாற்று அறிஞர் ஜேன் லேண்டர்சும் முன்னின்று ஆராய்ந்தனர். ஒருவர் மண்ணைத் தோண்ட, மற்றவர் ஸ்பானிய ஏடுகளைத் தேடினார். அகழியின் சுவடு, துப்பாக்கிக் குண்டுகள், மண் சுங்கான்கள், பொத்தான்கள், கையால் செய்த ஒரு வெள்ளிப் பதக்கம் ஆகியவை மண்ணிலிருந்து கிடைத்தன. ஏடுகளிலிருந்து மக்களின் பெயர்கள் கிடைத்தன. 1994 இல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது புளோரிடா மாநிலத்தின் வரலாற்றுப் பூங்கா. அங்குச் செல்வோர் காணும் பழைய கட்டடம் ஏதுமில்லை. சதுப்பின்மேல் மரப்பாலம், ஒரு காட்சியகம், 2025 இல் எழுப்பிய மாதிரிக் கோட்டை ஆகியவையே உள்ளன. ஆயினும் ஊரை மீட்டுத் தந்தவை பெயரும் வயதும் குறித்த சில தாள்கள் என்பதை அங்குச் செல்வோர் தெரிந்துகொள்கின்றனர்.

சட்டம் வந்தது, நிலம் வரவில்லை

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833 இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இரண்டு கோடிப் பவுன் இழப்பீடாக வழங்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்கும் அளிக்கப்பட்டது. ஆகவே நம் மக்கள் மேலும் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடுவதை எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்றது. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற நிலை, 1862 இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே ஏற்பட்டது.

இவ்வாறு ஆளோலை செல்லாததாயிற்று. அதன் இடத்தில் கடன் பத்திரம் வந்தது. குடியிருக்கும் மனையும் உழும் நிலமும் பண்ணையாருடையவை. உழைப்பவனுக்கு உரியது பட்ட கடன் மட்டுமே. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976 இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், 1843 இன் விடுதலை எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

நிலமின்றி விடுதலை நிலைக்காது என்பதை அரசுக்கு எடுத்துரைத்த அதிகாரி ஒருவர் இருந்தார். 1891 இல் செங்கற்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்கீர், நம் மக்களின் நிலையை விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 ஆம் நாள் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்களை ஒப்படை செய்யும் இத்திட்டத்தின் நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். பத்தாண்டுகளுக்கு அதனை விற்றல் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். பிறருக்கு விற்றால் செல்லாது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்நிலங்களிற் பெரும்பகுதி இன்று நம்மவர் கையில் இல்லை. எப்படிப் போயிற்று என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. என் பாட்டனாருக்கு அத்தகைய நிலம் ஒரு துண்டு இருந்தது. அதற்குரிய தாளை ஒரு மூங்கிற் குழாயிலே செருகி, கூரையின் உட்புறத்தில் கட்டி வைத்திருந்தாராம். மழை பொய்த்த ஓர் ஆண்டில் சில கலம் நெல்லுக்காக அக்குழாயை ஒருவரிடம் கொடுத்தார். அவர் நீட்டிய தாளில் பெருவிரலையும் பதித்தார். அடுத்த ஆண்டு ஏர் பூட்டச் சென்றவரை, நிலம் அவருடையதன்று என்று திருப்பி அனுப்பினார்கள். தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் இறக்கும்வரை அறியவில்லை. அவ்விற்பனை சட்டப்படி செல்லாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை. படித்தவர் ஒருவர் அவ்வீட்டில் இருந்திருந்தால் அந்நிலம் போயிருக்குமா என்று என் தந்தையார் அடிக்கடி கேட்பார்.

1994 அக்டோபர் 10 ஆம் நாள், காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுகளுக்கு முன் அரசே எழுதித் தந்த நிலத்தைக் கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஓமக்குளம்

சென்ற திங்களில் கழக இளைஞர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, குமராட்சி வழியாகச் சிதம்பரம் சென்றேன். வழக்கமாக நம்மவர் சிதம்பரம் சென்றால் கோபுரத்தை நோக்கி நடப்பர். நாங்கள் ஓமக்குளத்தை நோக்கி நடந்தோம்.

நந்தனார் என்று நாம் போற்றும் திருநாளைப்போவார் பிறந்த ஆதனூர், காட்டுமன்னார்கோயில் வட்டத்து ஆதனூரே என்பது நம் பக்கத்து மக்களின் உறுதியான நம்பிக்கை. தில்லைக்குப் போக விரும்பி, குலத்தை எண்ணித் தயங்கி, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாளைக் கடத்தியவர் அவர். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவருக்குத் தில்லையுள் வழி திறந்தது என்று சேக்கிழார் பாடினார். அவர் தீ மூழ்கிய இடம் ஓமக்குளம் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

அவ்விடத்தைத் தேர்ந்துகொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890 சனவரி 27 ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்துக் கிறித்தவப் பள்ளியிற் படித்து, பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகள் மடத்திலே துறவு கொண்டு, 1910 இல் சிதம்பரம் வந்தார். 1916 இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, 25 பிள்ளைகளைக் கொண்டு பள்ளி தொடங்கினார். நம் ஊர்களில் பண்ணை மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தேடிச் சேரி சேரியாக நடந்தார். தங்குவதற்கு இடமும் உணவும் அளித்து எழுத்தறிவித்தார். 1926 முதல் பல்லாண்டு சட்டசபை உறுப்பினராக இருந்து, 1959 மே முதல் நாள் மறையும்வரை அப்பணியைக் கைவிடவில்லை. அவர் விதைத்தது இன்று அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியாகவும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியாகவும் நிற்கின்றது.

சுவாமிகள் நந்தனாரைத் தெய்வமாகக் கொண்டாடினார். ஆயினும் தம் பிள்ளைகளை அவர் தீயின் வழியே நடத்தவில்லை. தீ மூழ்கியதாகச் சொல்லப்படும் அதே இடத்தில் கரும்பலகையை நிறுத்தினார். அடியார் ஒருவர் உள்ளே போனதைப் பாடிய ஊரிலே, ஆயிரமாயிரம் பிள்ளைகள் படித்து வெளியே வரும் வாயிலைத் திறந்தார்.

என் பாட்டனார் படிக்க வேண்டிய வயதில் அப்பள்ளி இருந்ததில்லை. என் தந்தையார் அங்கே படித்தார். மூங்கிற் குழாயை இழந்த மனிதரே தம் மகனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அங்கே விட்டு வந்தார். பள்ளி வாயிலில் நின்றபடி இதனை நான் சொன்னபோது, உடன் வந்த மாணவி ஒருத்தி, "ஐயா, உங்கள் தந்தையார் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்குமா?" என்று கேட்டாள். நான் இந்நாள்வரை அதனைத் தேடிப் பார்க்கவில்லை. அதற்காக அன்று வெட்கப்பட்டேன்.

நாம் செய்ய வேண்டுவன

நம் ஊரில் 1924 இல் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் படித்த பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று குடிநீர்ப் பானை தனியாக வைக்கப்பட்டிருந்தது. சிறுவனாயிருந்தபோதே அவர் அப்பானையை உடைத்தார் என்பதை நம் மக்கள் இன்றும் பேசுகின்றனர். நாடாளுமன்ற உறுப்பினராகிய பின், 1965 இல் அமைக்கப்பட்ட தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்று, நாடெங்கும் சுற்றி, 1969 இல் அறிக்கை அளித்தார். உடைத்த பானை ஓட்டோடு போயிற்று. எழுதிய அறிக்கை நிற்கின்றது. அஃதின்றேல் அக்காலத்துக் கொடுமைகளை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மெனண்டஸ் எழுதினார், ஆகவே மோசே மீண்டது. என் பாட்டனார் எழுதத் தெரியாதவர். ஆகவே நிலம் போயிற்று. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்குமாறு இளைஞர்களை வேண்டுகின்றேன். கல்வி என்பது வேலை தேடுவதற்கு மட்டும் உரியதாகாமல், நம் குடும்பத்தின் உரிமைகளையும் பெயர்களையும் காப்பதற்கும் பயன்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் உள்ள பழைய பட்டா, தீர்வை இரசீது, பத்திரம் எதுவாயினும் கிழித்தெறியாதீர்கள், படித்துப் பாருங்கள். உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டில் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் வழங்கிய நிலம் என்று குறிக்கப்பட்டவை எவை எனத் தேடுங்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கூலிகளாகக் கப்பலேறியவர், ஏரி மதகில் காவலிருந்தவர், முதன்முதலில் பள்ளி சென்றவர் ஆகியோரின் பெயர்களை எண்பது வயது கடந்த பெரியோர் இன்னும் நினைவில் வைத்துள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கெனக் கழக அலுவலகத்தில் கெட்டி அட்டையிட்ட பேரேடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. முதற்பக்கத்தில் என் பாட்டனார் பெயரையும், அவர் இழந்த நிலம் இருந்த இடத்தையும், பள்ளியிற் சேர்ந்த என் தந்தையார் பெயரையும் எழுதியிருக்கின்றேன். ஓமக்குளத்துக்கு வந்த மாணவி இரண்டாம் பக்கத்தில் தன் குடும்பத்தாரின் பெயர்களை எழுதினாள். மூன்றாம் பக்கம் முதல் வெற்றுத் தாள்களாக உள்ளன. வெள்ளி விழா முடிந்து பந்தல் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து எழுதிச் செல்க.